யாரோ, ஒருவன் கேட்ட நாற்காலி

‘சிங்கம்’ என்ற பெயரில் யாரோ தன் நாற்காலிக்குக் கூடுதல் விலை கேட்டிருக்கிறார்கள் என்று கணினித் திரையில் பார்த்ததும் கமா செய்த முதல் காரியம், அந்த நாற்காலியிலேயே இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்துகொண்டதுதான். இரண்டாவது காரியம், சிங்கத்தைவிட ஐம்பது கூட்டிக் கேட்டது. இரண்டாவதைச் செய்யாமல் இருந்திருக்கலாம்.

“சார், என்ன பண்ணிட்டீங்க?” என்றாள் பக்கத்து மேசை டிசைனர். பக்கங்களை வடிவமைப்பது அவள் வேலை. அடுத்தவர் திரையை எட்டிப் பார்ப்பது அவள் பொழுதுபோக்கு.

“ஏன்? ஏலம் கேட்டேன்.”

“சிங்கம் யாருன்னு தெரியுமா?”

“ரகசியப் பேராச்சேம்மா. எப்படித் தெரியும்?”

“மேனேஜர் சார்.”

கமாவின் கை மவுஸிலிருந்து தானாக நழுவியது. “அது உனக்கெப்படித் தெரியும்?”

“அவர் சாவிக்கொத்துல சிங்கம். காபி கப்புல சிங்கம். போன் அடிச்சா சிங்கம் உறுமுது. இதுக்கு மேல என்ன, பிடரியும் வளர்க்கணுமா?”

“சரி, சரி. நான் யாருன்னு அவருக்குத் தெரியாதில்ல?”

“உங்க ரகசியப் பேர் என்ன சார்?”

“யாரோ, ஒருவன்.”

“நடுவுல என்ன அது?”

“கமா.”

“எதுக்கு?”

“யாரோன்னு சொல்லிட்டு, கொஞ்சம் நிறுத்தி, ஒருவன்னு சொல்றப்ப ஒரு அடக்கம் வருது.”

டிசைனர் அவரைக் கொஞ்ச நேரம் பரிதாபமாகப் பார்த்தாள். “ரகசியப் பேருக்கு நடுவுல கமா போடற ஆள் இந்த ஆபீஸ்ல எத்தனை பேர் சார் இருக்காங்க?”

ஒரே ஒருவர்தான். துணி துவைக்கும் இயந்திரம், முடி உலர்த்தி, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி இவற்றையெல்லாம் எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் குட்டிப் புத்தகங்களை அச்சிடும் நிறுவனம் அது. அவற்றில் பிழை பார்ப்பவர் அவர். இதற்கு முன் வேலை பார்த்த அச்சகத்தில் முக்காலியில் உட்கார்ந்து பிழை பார்த்துப் பார்த்து முதுகு வளைந்துபோய், இங்கே வந்து சேர்ந்த அன்று அவர் உருவமே ஒரு கமா மாதிரிதான் இருந்தது. பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது. ஆனால் வந்த மாதமே முதுகு நிமிர்ந்துவிட்டது. காரணம், அவர் திடமாக நம்பியபடி, இந்த நாற்காலி.

பார்ப்பதற்கு ஆபீசிலிருந்த மற்ற நாற்காலிகளும் அச்சு அசல் இதே மாதிரிதான். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே லாரியில் வந்தவை. ஆனால் கமாவுக்குத் தன் நாற்காலியின் குணம் தெரியும். சில வாரம் கிறீச்சிடும், சில வாரம் கிறீச்சிடாது. ஒரு திங்கட்கிழமை வலப்பக்கம் சாயும், அடுத்த திங்கட்கிழமை நேராக நிற்கும். ‘நாற்காலிக்கும் ஒரு மனநிலை இருக்கும்தானே’ என்று அவர் விட்டுக்கொடுத்துப் போனார். வெளியாள் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டுமென்றால், முதுகுப் பக்கம் வைத்த மஞ்சள் குஷன்தான் அடையாளம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மகள் அறையின் ஜன்னல் திரையில் மிஞ்சிய துணியில் அவர் மனைவி தைத்துக் கொடுத்தது. அதில் ஒரு வாத்து குடை பிடித்துக்கொண்டு நின்றது. ஆபீசில் வாத்தோடு உட்கார்வது அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. எடுத்துவிட்டால் மனைவி கேட்பாளே என்று வைத்திருந்தார்.

இப்போது ஆபீஸ் வேறு கட்டடத்துக்குப் போகிறது. அங்கே எல்லாம் புதுச் சாமான். பழையவற்றை ஊழியர்களுக்குள்ளேயே இணையத்தில் ஏலம் விடுவதென்று முடிவாகியிருந்தது. விருப்பப்பட்டவர்கள் வாங்கிய நாற்காலியைப் புது ஆபீசுக்கே கொண்டுவந்து உட்காரலாம். அட்மின் மேடம் ஒவ்வொரு மேசையாகப் போய்ப் படம் எடுத்து, எண் ஒட்டி, ‘ஏல நாகரிகம்’ என்று தலைப்பிட்டு ஒரு விதிமுறையையும் அனுப்பியிருந்தார். அதைப் பிழை பார்த்துக் கொடுத்ததே கமாதான். ‘நாகரீகம்’ என்று இருந்ததை ‘நாகரிகம்’ என்று திருத்திய பெருமிதத்தில் அன்று மதியம் ஒரு காபி கூடுதலாகக் குடித்தார்.

அந்த விதிமுறையில் எங்கேயும், மேலதிகாரியை எதிர்த்துக் கேட்கலாமா கூடாதா என்று இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததை எழுதுவானேன் என்று விட்டிருப்பார்கள் என்று கமாவுக்கு இப்போது தோன்றியது.

அவர் எழுந்து நேராக அட்மின் மேடத்திடம் போனார்.

“மேடம், நான் கேட்ட விலையைத் திரும்ப எடுத்துக்கணும்.”

“தாராளமா. டைப் பண்றப்ப தப்பா விழுந்துடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ரத்து பண்ணிடறேன்.”

கமாவின் முகம் மாறியது. “தப்பா விழுந்துடுச்சுன்னா?”

“எழுத்துப் பிழைன்னு. அதுக்கு மட்டும்தான் ரத்து உண்டு. நீங்கதானே விதிமுறையைத் திருத்திக் குடுத்தீங்க?”

“எழுத்துப் பிழை பண்ணிட்டேன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடணுமா?”

“ஆமா.”

“மேடம், நான் பிழை பார்க்கிறவன்.”

“அதனால என்ன சார்?”

“நெஞ்சுவலின்னு எழுதித் தரட்டுமா?”

“அதுக்கு ரத்து கிடையாது சார். லீவுதான் உண்டு.”

தன் கையால் தன் பிழையை எழுதிக் கையெழுத்துப் போடுவதைவிட மேனேஜரின் கோபத்தைச் சந்திப்பது மேல் என்று முடிவு செய்து, அவர் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினார். மேனேஜர் நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் ஒரு திட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

“சார், அந்த நாற்காலி ஏலத்துல... நீங்கன்னு தெரியாம நான்...”

“வாங்க, வாங்க, யாரோ ஒருவன்!” என்று மேனேஜர் சிரித்தார். சிரித்து முடித்துத் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “சிரிச்சாலே வலிக்குது. நானும் முதுகுவலிக்காரன்தான். இத்தனை வருஷமா இந்தக் கண்ணாடி வழியாப் பார்க்கறேன், சாயங்காலம் ஆனா ஆபீசே வளைஞ்சு கிடக்கும். நீங்க மட்டும் கம்பம் மாதிரி உட்கார்ந்திருப்பீங்க. அந்த நாற்காலியில ஏதோ இருக்கு சார்.”

“அப்ப நீங்களே எடுத்துக்குங்க சார். நான் விலகிக்கறேன்.”

மேனேஜரின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. “நான் மேனேஜருங்கறதுக்காகவா?”

“அப்படி இல்ல சார். ஒரு மரியாதைக்கு...”

“இந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்காதது. ஏலம்னா ஏலம். எனக்காக நீங்க விட்டுக் குடுத்தீங்கன்னு தெரிஞ்சா எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லிட்டேன். நேர்மையா மோதுவோம்!”

ஆக, கேட்டால் மரியாதைக் குறைவு. கேட்காவிட்டால் கெட்ட கோபம். இடத்துக்குத் திரும்பிவந்த கமா ரொம்ப நேரம் யோசித்து ஒரு நடுவழி கண்டுபிடித்தார். கேட்பது, ஆனால் மரியாதையாகக் கேட்பது. அதாவது, மேனேஜர் கேட்டதைவிட வெறும் ஒன்று மட்டும் கூட்டிக் கேட்பது.

சிங்கம் சிறிது நேரத்தில் கூட்டிக் கேட்டது. கமா அதற்கு மேல் ஒன்று கூட்டி, குறிப்புப் பெட்டியில் ‘மன்னிக்கவும்’ என்று எழுதினார். சிங்கம் தானும் ஒன்று மட்டும் கூட்டி, ‘பரவாயில்லை, தொடருங்கள்’ என்று எழுதியது. கமா ஒன்று கூட்டி, ‘தங்கள் அனுமதியோடு’ என்றார். சிங்கம் ஒன்று கூட்டி, ‘தாங்கள் முதலில்’ என்றது. குறுகலான படிக்கட்டில் எதிரெதிரே வந்துவிட்ட இரண்டு விருந்தாளிகள் மாதிரி இரண்டு பேரும் அன்று முழுக்க ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டே ஏறினார்கள்.

இப்படி நூறு தடவை ஏறியதில் ஏலப் பக்கத்தில் அந்த நாற்காலி எல்லாவற்றுக்கும் மேலே போய் நின்றது. பக்கத்தில் ஒரு தீச்சுடர் எரிந்தது. ‘எல்லோரும் விரும்பும் பொருள்’ என்று கீழே எழுத்து ஓடியது. ஆபீசே திரும்பிப் பார்த்தது. அதில் உட்கார்ந்தவருக்குச் சம்பள உயர்வு நிச்சயம் என்று பார்சல் பிரிவில் பேச்சு. மெத்தைக்குள் முதலாளி ஏதோ வைத்துத் தைத்திருக்கிறார் என்று டிரைவர்களுக்குள் பேச்சு. தேநீர் இடைவேளையில் ஆள் ஆளாக வந்து, “சும்மா ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டுமா சார்?” என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்து, கண்ணை மூடி, “ஆமா, ஏதோ இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

“சார், இது சரிப்பட்டு வராது” என்றாள் டிசைனர், ஒரு அச்சுப் பக்கத்தை அவர் மேசையில் போட்டு. “முடி உலர்த்தி புத்தகம். ‘ஈரக் கையால் தொடவும்’னு இருக்கு. நீங்க சரின்னு டிக் போட்டிருக்கீங்க.”

கமா சிவப்புப் பேனாவைத் தேடினார். “ஐயோ! தொடக் கூடாதுன்னு இல்ல இருக்கணும்!”

“இன்னும் ரெண்டு நாள் நீங்க ஏலம் கேட்டா ஊர்ல பாதிப் பேர் உயிரோட இருக்க மாட்டாங்க. பேசாம நீங்க விலகிட்டதாச் சார்கிட்ட சொல்லிடுங்க. என்னமோ வேற நாற்காலி பிடிச்சிருக்குன்னு. உங்களுக்காக நான் கேக்கறேன். என் பேரு ‘பூனை’. என்னை யாருக்கும் தெரியாது.”

“ஒருத்தருக்காக இன்னொருத்தர் கேக்கறது நாகரிகமல்லன்னு விதிமுறையில இருக்கேம்மா.”

“நாகரிகமல்லன்னுதானே இருக்கு? கூடாதுன்னு இல்லியே?”

அந்த வரியைப் படித்தபோதே ‘கூடாது’ என்று திருத்தலாமா என்று அவர் யோசித்து, கடுமையாக இருக்குமோ என்று விட்டது நினைவுக்கு வந்தது. இப்போது அதுவே வசதியாகப் போயிற்று. அதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே தலையாட்டினார்.

“நான் இருமினா கூட்டிக் கேளு” என்றார். “எது வரைக்கும் ஆனாலும் விடாதே.”

பிறகு மேனேஜரிடம் போய், “எனக்கு ஜன்னலோரத்து நாற்காலி பிடிச்சுப்போச்சு சார், அதனால விலகிக்கறேன்” என்றார். பொய் சொல்லும்போது அவர் கண் மேனேஜரின் காபி கப்பிலிருந்த சிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சிங்கம் நம்பாத மாதிரி இருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும், மருந்துக்கடையில் வேலை பார்த்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“போயும் போயும் அந்தப் பொண்ணையா நம்பினீங்க? போன வாரம் அவ பிறந்தநாளையே அவ மறந்துட்டாள்னு நீங்கதானே சொன்னீங்க?”

“மறந்துட்டா. கேக் வந்தப்பறம்தான் ஞாபகம் வந்தது.”

“ஏலம் முடியற நேரத்துல அவ போன்ல நாய்க்குட்டி வீடியோ பார்த்துட்டு உட்கார்ந்திருப்பா. காசு விஷயம் தெரிஞ்ச ஆள்கிட்ட சொல்லுங்க. உங்க கேஷியர் இருக்காரே.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மறுநாள் காலையில் கமா கேஷியரைப் படிக்கட்டுத் திருப்பத்தில் பிடித்தார். கேஷியர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய ரகசியப் பெயர் ‘பூட்டு’.

“எது வரைக்கும் போகலாம்?” என்றார் கேஷியர்.

“விட்டுடாதீங்க. நான் இருமினா கூட்டிக் கேளுங்க.”

“வேற யாராவது உங்களுக்காகக் கேக்கறாங்களா?”

இரண்டு பேரை அமர்த்தியிருக்கிறேன் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. “ஐயையோ, இல்லவே இல்ல” என்றார்.

டிசைனரிடம் போய் ‘நீ வேண்டாம்மா’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் போனார். அவள் திரையில் ‘நாற்காலி!!!’ என்று பெரிதாக எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு, போனைக்கூட அணைத்து மேசை இழுப்பறையில் போட்டிருந்தாள். இவ்வளவு பொறுப்பாக இருக்கும் பெண்ணிடம் கொடுத்த வேலையை எப்படித் திரும்ப வாங்குவது? மனசு நோகாதா? கமா ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஏலம் முடிய வேண்டும். மற்ற நாற்காலிகளெல்லாம் சத்தமில்லாமல் கைமாறிவிட்டன. யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. சரியாக முடியும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேனேஜர் தன் அறையிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, கமாவுக்குப் பின்னால், அந்த நாற்காலியின் முதுகிலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“சார்... நீங்க கேக்கலையா?”

“நீங்க இல்லாத போட்டியில எனக்கு என்ன சுவாரசியம்? நானும் காலையிலயே விலகிட்டேன். ஆனா பாருங்க, ‘பூனை’ன்னு ஒருத்தர், ‘பூட்டு’ன்னு ஒருத்தர், என்னமா மோதறாங்க! இதுக்குத்தான் சார் ஏலம் வேணும்ங்கறது. பதவி, சலுகை ஒண்ணும் கிடையாது. சுத்தமான நேர்மை!”

கமாவின் தொண்டை வறண்டது. அவர் திரையைப் பார்த்தார். பூனை ஒரு விலை. அதற்கு மேல் பூட்டு ஒரு விலை. அதற்கு மேல் பூனை. உலகத்திலேயே அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்ட ஒரே ஆள் இப்போது அவர்தான்; அவரை எதிர்த்து விலையை ஏற்றிக்கொண்டிருந்ததும் அவர்தான்.

வறண்ட தொண்டையிலிருந்து இருமல் வந்தது.

டிசைனர் டக்கென்று கூட்டினாள். அறையின் அந்தக் கோடியில் கேஷியரும் டக்கென்று கூட்டினார்.

“என்ன சார், இருமறீங்க?” என்று மேனேஜர் அவர் முதுகில் தட்டினார்.

தட்டியதில் இன்னும் இரண்டு இருமல் வந்தது. விலை நான்கு படி ஏறியது.

கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் ஏலம் ஐந்து நிமிடம் நீளும் என்பதும் விதிமுறை. ‘அவசரப்படாமல் யோசிக்க அனைவருக்கும் வாய்ப்பு’ என்று அதற்கு விளக்கம் எழுதிச் சேர்த்ததும் கமாவேதான். ஐந்து நிமிடம், இன்னொரு ஐந்து நிமிடம் என்று அது நீண்டுகொண்டே போனது. கமா மூச்சை அடக்கிப் பார்த்தார். முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, அடக்கியதெல்லாம் சேர்ந்து ஒரே வெடியாக வெளியே வந்தது. “தண்ணி குடுங்கப்பா சாருக்கு!” என்று மேனேஜர் கத்தினார். தண்ணீர் புரையேறியது. அந்தப் புரையில் மட்டும் விலை எட்டுத் தடவை ஏறியது.

“அடேயப்பா!” என்று ஆபீசே வாயைப் பிளந்தது.

எழுந்து போய்ச் சொல்ல முடியாது. மேனேஜரின் கை நாற்காலியில். போனை எடுக்க முடியாது. மேனேஜரின் கண் மேசையில். கமா கடைசியில் தன் தொழிலைக் கையில் எடுத்தார். சிவப்புப் பேனாவால் ஒரு தாளில், வேண்டாத சொல்லை நீக்கச் சொல்லி அச்சுப் பக்கத்தின் ஓரத்தில் போடும் அந்தச் சுழிக் குறியைப் பெரிதாகப் போட்டு, வியர்வை துடைப்பதுபோல டிசைனர் பக்கம் உயர்த்திக் காட்டினார்.

அவள் பார்த்தாள். தினமும் அவர் போடும் குறிதான். புருவத்தை உயர்த்தி, தன்னைத் தானே சுட்டி, ‘என்னையா?’ என்று ஜாடையில் கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கமாவுக்கு உயிர் திரும்பி வந்தது. அதே நொடியில், ஒவ்வொரு படியாக ஏறி அலுத்துப்போன கேஷியர், இந்தப் பூனையை ஒரேயடியாக விரட்டுவதென்று முடிவு செய்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தொகையைத் தட்டினார். அவசரத்தில் கடைசிச் சைபரில் விரல் இரண்டு முறை விழுந்தது.

ஐந்து நிமிடம் யாரும் கூட்டிக் கேட்கவில்லை. ஏலம் முடிந்தது.

அந்த விலைக்கு ஆபீசிலிருந்த எல்லா நாற்காலிகளையும், மீட்டிங் அறையின் நீள மேசையையும், அட்மின் மேடத்தின் இரும்பு அலமாரியையும் சேர்த்து வாங்கி, லாரி வாடகையும் கொடுத்திருக்கலாம்.

அட்மின் மேடம் கேஷியரிடம் ஓடிவந்தார். “யாரு சார் பூட்டு? நீங்களா? ஒரு சைபர் கூட விழுந்திருக்கு. டைப் பண்றப்ப தப்பா விழுந்துடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ரத்து பண்ணிடறேன்.”

கமா ஓட்டமாக அவர் மேசைக்குப் போய் நின்றார். கேஷியர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார்.

“கேஷியர் சைபரைத் தப்பாப் போட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமா?” என்றார்.

“ஆமா சார்.”

“மேடம், நான் பணத்தை எண்றவன். நாளைக்கு என் கையால சம்பளம் வாங்க யார் வருவா?”

“சார், தயவுபண்ணி எழுதிக் குடுத்துடுங்க” என்று கமா காதருகே கெஞ்சினார்.

“உங்களை யாராவது எழுத்துப் பிழை பண்ணேன்னு எழுதித் தரச் சொன்னா, தருவீங்களா?”

மாதா மாதம் கமாவின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதென்று, கேஷியரும் அவரும் அந்தப் படிக்கட்டுத் திருப்பத்திலேயே பேசி முடித்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ‘சுத்தமான நேர்மை’ என்று மேனேஜர் சொன்ன சொல் கமாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. ஆபீஸ் காலியானதும் மேனேஜரின் அறைக்குப் போய், பூனை, பூட்டு, இருமல் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

மேனேஜர் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

“ரெண்டு ஆளை வெச்சு, தன்னைத் தானே எதிர்த்து, தன் தலையிலயே விலையை ஏத்திக்கிட்ட ஆளை நான் எப்படி சார் ஏமாத்துக்காரன்னு சொல்றது? போங்க. நாற்காலி உங்களுக்குச் சேர வேண்டியதுதான்.”

அந்தப் பெருந்தன்மை கமாவை இன்னும் கூனிக் குறுக வைத்தது. பதிலுக்கு ஏதாவது செய்தாக வேண்டும். அவர் போய், நாற்காலியிலிருந்த வாத்துக் குஷனை எடுத்துக்கொண்டு வந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

“நாற்காலியைத்தான் நான் எடுத்துக்கிட்டேன். இதையாவது நீங்க வெச்சுக்கணும் சார். ஒரு ஞாபகத்துக்கு.”

மேனேஜர் வாத்தைப் பார்த்தார். வாத்து குடைக்கு அடியிலிருந்து அவரைப் பார்த்தது. “வேண்டாம்னு சொன்னா உங்க மனசு நோகும்” என்று வாங்கித் தன் நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

புது ஆபீசில் எல்லாரும் பளபளக்கும் புது நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, கமா மட்டும் தன் பழைய நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்து போட்டார். மண்டபத்துக்கு மாப்பிள்ளை வந்த மாதிரி எல்லாரும் எழுந்து வழிவிட்டார்கள்.

முதல் நாள் மதியமே முதுகு லேசாகப் பிடித்தது. இடம் புதுசு, பழகிவிடும் என்று நினைத்தார். மூன்றாம் நாள் நன்றாகப் பிடித்தது. உயரத்தை ஏற்றினார், இறக்கினார். சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டார். எண்ணெய் விட்டதில் அது அவரையும் சேர்த்துக்கொண்டு காபி இயந்திரம் வரைக்கும் ஓடியது. இரண்டாவது வாரம் அவர் நடந்து வருவதைப் பார்த்து டிசைனர், “சார், மறுபடி உங்க பேருக்கு ஏத்த மாதிரி ஆயிட்டீங்க” என்றாள்.

“அந்தக் குஷன் அழுக்காகியிருக்குமே, துவைக்கக் கொண்டு வாங்க” என்றாள் மனைவி.

“ஆபீஸ்ல இருக்கு” என்றார். அது பொய் இல்லை.

மேனேஜரோ நாளுக்கு நாள் நிமிர்ந்துகொண்டே போனார். ஒரு நாள் வராந்தாவில் ராணுவ அதிகாரி மாதிரி நடந்துவந்து கமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “சொன்னா நம்ப மாட்டீங்க சார், வலி போயே போச்சு! தோத்ததை மனசார ஏத்துக்கிட்டா முதுகுக்கு நல்லது போல.”

கமாவுக்கு எல்லாம் விளங்கியது. நேர்மையாகத் தோற்றவருக்கு முதுகு நிமிர்கிறது. குறுக்கு வழியில் ஜெயித்தவனுக்கு வளைகிறது. தண்டனைதான், வேறென்ன? மிச்சத் தவணைகளைக் கட்டி முடிப்பதற்குள் நான் தரையைத் தொட்டுவிடுவேன் என்று எண்ணிக்கொண்டு, அந்தச் சனிக்கிழமை எல்லாரும் போன பிறகும் நாற்காலியிலேயே சுருண்டு கிடந்தார்.

தரை துடைக்கும் அக்கா வாளியோடு வந்தார். பழைய ஆபீசிலும் அவர்தான். சனிக்கிழமைதோறும் எல்லாரும் கிளம்பிய பிறகு வருவார் என்பதால் கமா அவரோடு அதிகம் பேசியதில்லை.

“கொஞ்சம் எந்திரிங்க சார், நாற்காலியைத் தள்ளணும்.”

கமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “பார்த்துத் தள்ளுங்கக்கா. இத்தனை வருஷமா என் முதுகைத் தாங்கின நாற்காலி. இதுக்காக நான் கொடுத்த விலை எனக்குத்தான் தெரியும்.”

அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இதுவா உங்க நாற்காலி? நல்லாச் சொன்னீங்க போங்க! வாரா வாரம் தரை துடைக்கறப்ப எல்லா நாற்காலியையும் வெளிய குவிச்சுட்டு, கைக்கு வந்ததைத்தான் உங்க மேசைக்குத் தள்ளுவேன். அந்த வாத்துக் குஷனை மட்டும்தான் சார் தேடி எடுத்து உங்க இடத்துல வெப்பேன்.”